தம்பி குருமடத்துக்குப் போறேன்னு நிக்கிறான், விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

அக்காக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதறது இதான் முதல் தடவை, தப்பான பகுதியில போட்டிருந்தா மன்னிச்சிடுங்க. என் தம்பிக்கு 23 வயசு, டிகிரி முடிச்சு ஒன்றரை வருஷமா வேலை பாக்கறான். போன வாரம் ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போது "நான் சாமியாராப் போலாம்னு இருக்கேன்"னு சொல்லிட்டு கை கழுவ எழுந்து போய்ட்டான். அதான், ஃபாதருக்குப் படிக்க குருமடத்துல சேரணுமாம். அம்மா அழல, திட்டல, தட்ட எடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க. அன்னையிலருந்து வீட்ல ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல, நடுவுல மாட்டிக்கிட்டது நான். அப்பா இல்ல, இவன் ஒரே பையன், எனக்குக் கல்யாணம் ஆகி வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசைய தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம்தான், ஃபாதர்னா மரியாதை எல்லாம் உண்டு. ஆனா நம்ம வீட்டுப் பையன்னு வரும்போது வயித்தக் கலக்குது, உண்மையச் சொல்றேன். ஒரே பையன சேத்துப்பாங்களா? நடுவுல பிடிக்கலன்னா வெளிய வரலாமா? இவன் படிப்புல சுமார், தத்துவம் இறையியல்னு வருஷக்கணக்கா படிக்கணுமாமே, தாங்குவானா? அம்மாவ யாரு பாத்துப்பா? அப்புறம் இது கேக்கவே ஒரு மாதிரி இருக்கு, ஒரு பங்குச்சாமியார் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் என்னதான் பண்றாரு? காலையில பூசை வைக்கிறாரு, சரி, அதுக்கப்புறம்? இது நிஜமாவே இறையழைத்தலா இல்ல ஆபீஸ் டென்ஷன்ல இருந்து தப்பிக்க ஒரு வழியான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

முன்னாள் பிரதர்:

அக்கா, நான் ஏழு வருஷம் குருமடத்துல பிரதரா, அதாவது குருவாகப் படிக்கற மாணவனா, இருந்துட்டு வெளிய வந்தவன். அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

ஒரே பையன்ங்கிறது தடையே இல்ல. 1983-ல வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்புல யாருக்கெல்லாம் குருப்பட்டம் குடுக்கக்கூடாதுன்னு பட்டியலே இருக்கு, அதுல ஒரே பையன்னு ஒரு வரி கிடையாது. குடும்ப நிலைமைய விசாரிப்பாங்க, அது வேற.

படிப்பு: முதல்ல தயாரிப்புக் காலம், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அதுக்கப்புறம் தத்துவம் குறைஞ்சது 2 வருஷம், இறையியல் 4 வருஷம். நடுவுல ஒரு வருஷம் ஏதாவது பங்குல, அதான் ஒரு ஊர்க் கோவில்ல, போட்டு வேலை வாங்கறதும் நிறைய இடத்துல உண்டு. 25 வயசு முடியாம குருவாக முடியாது, அதுக்கும் முன்னாடி டீக்கன்னு சொல்ற திருத்தொண்டர் பட்டம், ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசமாவது இடைவெளி. இன்னைக்கே உங்க தம்பி சேந்தாலும் முப்பது ஒட்டித்தான் வெளிய வருவான். அதனால போன வாரம் அவன் சொன்னது ஒரு ஆரம்பம்தான், அதுக்கே எல்லாரும் மூச்சப் பிடிச்சுட்டு நிக்க வேண்டாம்.

வெளிய வர்றது: ஒரு ஆயரோட (பிஷப்போட) மறைமாவட்டத்துக்குப் படிக்கறவன்னா, திருத்தொண்டர் பட்டம் வாங்கற வரைக்கும் எந்த நாளும் பெட்டியக் கட்டிட்டு வந்துடலாம், ஒரு சட்டமும் தடுக்காது. பட்டம் வாங்கிட்டா கதையே வேற, கல்யாணம் பண்ணிக்காம வாழற கடமைல இருந்து விடுவிக்க போப்பாண்டவரால மட்டும்தான் முடியும், அது லேசுல நடக்கற காரியம் இல்ல.

இப்ப டென்ஷன் கேள்வி. தப்பிச்சு ஓடி வந்தவன் முதல் வருஷத்துலயே தெரிஞ்சிடுவான் அக்கா. ஏன்னா அங்கயும் மணி அடிக்கும், பிடிக்காத ஆள் பக்கத்துலதான் உக்காரணும், கக்கூஸ் முறை வெச்சு கழுவணும், ராத்திரி செபம் முடிஞ்சா வாயத் திறக்கக்கூடாது. ஆபீஸ்னா ஆறு மணிக்கு வீட்டுக்காவது போலாம். இதுல ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கு, வெளிய இருக்கறவங்களுக்கு அதிகமா தெரியாது: ஒவ்வொரு பிரதருக்கும் ஸ்பிரிச்சுவல் ஃபாதர் ஒருத்தர் உண்டு, மனசுல இருக்கற குப்பைய எல்லாம் அவர்கிட்ட கொட்டலாம். இவன சேக்கலாமா அனுப்பலாமான்னு முடிவு பண்ற ரெக்டரோ (குருமடத் தலைவர்) ஆயரோ அந்த ஸ்பிரிச்சுவல் ஃபாதர்கிட்ட கருத்து கேக்கவே கூடாதுன்னு சட்டம். பாவசங்கீர்த்தனம், அதான் பாவ அறிக்கை, கேக்கற ஃபாதர்கிட்டயும் கேக்கக்கூடாது. அதனால பயமில்லாம பேசலாம். நான் பேசினேன்.

என் கதை சுருக்கமா. திருத்தொண்டர் பட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி கையெழுத்து போட்டுத் தரணும், டைப் அடிச்சது செல்லாது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல, என் சொந்த விருப்பத்தோட, ஆயுசு முழுக்க இந்தப் பணிக்கு என்னைத் தர்றேன்னு. "சொந்த விருப்பத்தோட" வரைக்கும் எழுதினேன். அதுக்கு அடுத்த சொல்ல எழுத கை வரல. படிப்பு மணி அடிச்சது, எல்லாரும் எழுந்தாங்க, நான் பேனாவ மூடி மூடி திறந்துட்டு உக்காந்திருக்கேன். ராத்திரி ரெக்டர் ரூமுக்குப் போனேன். ஏழு வருஷம் வீணடிச்சியேடான்னு கத்துவாருன்னு பாத்தா, ஒண்ணும் சொல்லாம நாற்காலிய மட்டும் என் பக்கம் தள்ளி விட்டாரு. இப்ப எனக்குக் குடும்பம் இருக்கு, ரெண்டு பிள்ளைங்க, அந்த வருஷங்கள நினைச்சு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

கேள்விக்குறி:

எல்லாரும் நல்லதாவே சொல்றீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உலகம் முழுக்க சிறுவர்கள்கிட்ட குருக்கள் நடந்துக்கிட்ட விதம், அத மூடி மறைச்ச மேலிடம், இதெல்லாம் வெளிய வந்தாச்சு. இப்படி ஒரு அமைப்புக்குள்ள ஒரு நல்ல பையன எதுக்கு அனுப்பணும்? அக்கா இதயும் தம்பிகிட்ட கேக்கணும்.

முன்னாள் பிரதர்:

கண்டிப்பா கேக்கட்டும், கேக்காம போறதுதான் தப்பு. பயிற்சியில இது பாடமாவே வருது. 2016-ல வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி வழிமுறையில சிறுவர் பாதுகாப்பு பத்தி தனியா இருக்கு, மனநல மதிப்பீடு பத்தியும் இருக்கு. புகார் வந்தா ஆயர்கள் என்ன பண்ணணும், மூடி மறைச்சா அவங்கள எப்படி விசாரிக்கணும்னு 2019-ல போப் பிரான்சிஸ் தனியா சட்டமே போட்டாரு. காகிதத்துல இருக்கறது எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதான்னு கேட்டா, உங்க கோவம் நியாயம்னுதான் சொல்வேன்.

சாவிக்கொத்து:

நான் ஒரு பங்குத்தந்தை, குருவாகி இருபது வருஷம் தாண்டிடுச்சு. ராத்திரி கதவெல்லாம் பூட்டிட்டு வந்து இத எழுதறேன், நீளமாப் போகும், பொறுத்துக்கோங்கம்மா.

திங்கள்ல இருந்து சனி வரைக்கும் என்ன பண்றோம்னு கேட்டீங்க, சிரிச்சுட்டேன், ஏன்னா எங்க அம்மாவும் இதேதான் கேட்டாங்க. நேத்திக்கு ஒரு நாளச் சொல்றேன். காலைப் பூசை முடிஞ்சு ஆபீஸ்ல உக்காந்தேன், ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு, கல்யாணத்துக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேணும், பிறந்த வருஷம் தெரியும், ஞானஸ்நானம் வாங்குன வருஷம் தெரியாது, அம்மா பேர் வேற ரெண்டு மூணு விதமா எழுதுவாங்களாம். பழைய பதிவேட்ட எடுத்து தூசி தட்டி முக்கால் மணி நேரம் பக்கம் பக்கமா புரட்டினோம். அந்தப் பதிவேட்டுல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஓரமா கொஞ்சம் இடம் விட்டிருக்கும், பிற்பாடு உறுதிபூசுதல் வாங்கினா அதுல எழுதணும், கல்யாணம் ஆனா எழுதணும், குருப்பட்டம் வாங்கினாலும் எழுதணும், வேற ஊர்ல நடந்தாலும் தகவல் இங்க வந்து சேரணும். பாதி பேருக்கு அந்த ஓரம் காலியாவே கிடக்கும். அவங்க எங்க போனாங்களோன்னு யோசிச்சுட்டே புரட்டுவேன்.

மத்தியானம் கூரை ஒழுகுதுன்னு ஒரு ஆள் வந்தாரு. சாயங்காலம் பாடகர் குழுவுல யாரு முன்னாடி நிக்கறதுன்னு சண்டை, அத விட ஒரு உலகப்போர தீத்துடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு போன், ஒரு பெரியவர் கடைசி மூச்சுல இருக்காருன்னு. நோயாளி எண்ணெய எடுத்துட்டு ஓடினேன். பேச்சு நின்னு போயிருந்துச்சு. நெத்தியிலயும் கையிலயும் பூசி முடிச்சு "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே"ன்னு ஆரம்பிக்கறேன், அவரு உதடு அசையுது, ஆனா என்னோட சேர மாட்டேங்குது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைச்சது, அவரு சின்ன வயசுல படிச்ச பழைய மந்திரத்தச் சொல்றாரு, "பரமண்டலங்களிலே இருக்கிற". நானும் அதுக்கு மாறிட்டேன். பாதியில எனக்கு வார்த்தை மறந்து போச்சு, அவருக்கு மறக்கல.

இதுக்கு நடுவுல திருப்புகழ்மாலை செபம் வேளாவேளைக்கு சொல்லணும், அது எங்க கடமை. ஞாயித்துக்கிழமையும், கட்டாயம் பூசைக்கு வரணும்னு இருக்கற கடன் திருநாளும் ஒரு பூசைய பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்குடுக்கணும், அதுக்கு யார்கிட்டயும் காணிக்கை வாங்கக்கூடாது. இது நிறைய பேருக்குத் தெரியாது, பூசைக்கே வராத ஆளுக்கும் சேத்துத்தான் அது. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத செத்தாலும் வெளிய சொல்லக்கூடாது, நேரடியா மீறினா அந்த நொடியே சபைநீக்கம். காலையில ஒருத்தரோட பாவத்தக் கேட்டுட்டு சாயங்காலம் அவரோடயே உக்காந்து திருவிழா கணக்கு பாக்கணும், முகத்துல ஒண்ணும் காட்டக்கூடாது. பழகிடும்னு நினைக்காதீங்க.

தனிமை இருக்கு. பெரிய நாள்லதான் அதிகம் தெரியும். பாஸ்கா திருவிழிப்பு அன்னைக்கு, அதான் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, கோவில் நிறைய மெழுகுதிரி, பாட்டு, மணி, முடிஞ்சதும் எல்லாரும் கை குடுத்துட்டு கிளம்பிடுவாங்க. ஒரு தடவை கோவில் வேலை பாக்கற கோவில்பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு நானே உக்காந்து தரையில சிந்துன மெழுக கரண்டியால சுரண்டிட்டு இருந்தேன், மணி ஒண்ணரை. உயிர்த்தெழுந்தார்னு இப்பத்தான் ஊருக்கே சொன்னேன், எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லையேன்னு இருந்துச்சு. மறுநாள் ஒரு பாட்டி ஆபீஸ் வரைக்கும் நடந்து வந்து "ஃபாதர், நேத்து உங்களுக்கு பாஸ்கா வாழ்த்து சொல்லாம போய்ட்டேன்"னுச்சு. அதுல ஒரு வருஷம் ஓடிடுச்சு.

தம்பி படிப்புல சுமார்னு கவலைப்படறீங்க. பங்குக்குருக்களுக்கெல்லாம் பாதுகாவலரா 1929-ல அறிவிச்ச ஜான் மரிய வியான்னியே படிப்புல திண்டாடினவருதான், லத்தீன் அவருக்கு ஏறவே இல்ல. 1815-ல ஒரு வழியா குருப்பட்டம் கிடைச்சது, 1818-ல பிரான்ஸ்ல ஆர்ஸ்ங்கிற குக்கிராமத்துல போட்டாங்க, மொத்தமே இருநூத்தி சொச்சம் பேரு. பின்னாடி அங்கதான் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயிரக்கணக்குல சனங்க குவிஞ்சாங்க. பிரசங்கத்துல சொல்லாத ஒண்ண இங்க சொல்றேன், அந்த மனுஷன் பாரம் தாங்காம அந்தப் பங்க விட்டு ஓடிப்போகப் பாத்தாரு, ஒரு தடவை இல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துட்டாரு. 1859-ல அங்கயேதான் செத்தாரு. எனக்கு சலிப்பு தட்டும்போது அவரோட புதுமைகள விட இந்த ஓட்டம்தான் ஞாபகம் வரும்.

அம்மா விஷயம். தம்பி மறைமாவட்டக் குருவா போறானா, துறவற சபைக்கா, முதல்ல அதக் கேளுங்க. மறைமாவட்டக் குரு ஆயருக்குக் கீழ்ப்படியறேன், கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு வாக்குக் குடுக்கறாரு, ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது, வர்ற படிய வெச்சு அம்மாவுக்கு செய்யறதுக்குத் தடை இல்ல. சபைக்குருன்னா மூணு வார்த்தைப்பாடும் உண்டு, தனக்குன்னு கையில எதுவும் இருக்காது. ஆனா ரெண்டுலயும் எந்த ஊருக்கு அனுப்பினாலும் போகணும், பக்கத்துலயே இருப்பேன்னு அம்மாவுக்கு வாக்குக் குடுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு சட்டத்துல இருக்கு. நான் முழுசா எடுத்ததில்ல, அது என் தப்பு.

அவன உங்க பங்குச்சாமியார்கிட்ட பேசச் சொல்லுங்க. இறையழைத்தல் முகாம் நடந்தா போய்ட்டு வரட்டும். சேர்றதுன்னா ஞானஸ்நானம், உறுதிபூசுதல் சர்டிபிகேட் கேப்பாங்க, அத மட்டும் எடுத்து வையுங்க.

கணக்குப் பொண்ணு:

எங்க பங்குல நிதிக்குழுவுல இருக்கேன். ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன். ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு இருந்தே ஆகணும்னு சட்டம், ஆனா நிறைய பேர் குறை சொல்ல மட்டும் வருவாங்க, ரசீத ஒட்டி வெக்க ஆள் கூப்பிட்டா காணாம போயிடுவாங்க. பங்குப்பேரவையும் ஆலோசனைதான் சொல்லலாம், முடிவு சாமியாரோடது, அதனால சில பேருக்கு கோவம், எனக்கும் ரெண்டு மூணு தடவை வந்திருக்கு. முந்தி இருந்த ஃபாதர்கிட்ட முகத்துக்கு நேரா சொல்லியும் இருக்கேன். மாத்தலாகி போற அன்னைக்கு பாத்தா அந்த மனுஷன்கிட்ட ரெண்டே ரெண்டு பெட்டி, அதுல ஒண்ணு புத்தகம். அக்கா, உங்க தம்பி போனா அவனுக்கு சண்டை போடற ஆளுங்களும் கிடைக்கணும், தூக்கி வெச்சு கொண்டாடறவங்க மட்டும் கிடைச்சா கெட்டுப் போயிடுவான்.

அக்காக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஃபாதர் எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். தம்பிகிட்ட பேசினேன். கேள்விக்குறி கேட்டதயும் கேட்டேன், "அதயெல்லாம் படிச்சுட்டுதான் அக்கா சொல்றேன், ஒரு வருஷமா படிக்கறேன்"னான். ஒரு வருஷமாவா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலன்னு எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மறைமாவட்டத்துக்குத்தான் போகணுமாம், பங்குலதான் இருக்கணுமாம்.

நேத்து இந்தப் பக்கத்த அப்படியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு எழுந்து போய்ட்டாங்க. இன்னைக்கு காலையில பாத்தா பீரோல இருந்து அவன் ஞானஸ்நான சர்டிபிகேட்ட எடுத்து டேபிள் மேல வெச்சிருக்காங்க. அதுல அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்காம், "முதல்ல இதத் திருத்திட்டு வா"ன்னாங்க அவன்கிட்ட. பத்து நாள்ல அவங்க அவன்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான். ஃபாதர், இதத் திருத்த எங்க போகணும், இப்ப இருக்கற பங்குக்கா, ஞானஸ்நானம் குடுத்த கோவிலுக்கா?

சாவிக்கொத்து:

குடுத்த கோவிலுக்குத்தாம்மா, பதிவேடு அங்கதான் இருக்கும். அப்பா பேர் சரியா இருக்கற பழைய ஆதாரம் ஏதாவது இருந்தா கையோட கொண்டு போகச் சொல்லுங்க. முடிஞ்சா அம்மாவயும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.