நண்பனைக் 'கருவாயா' என்று கூப்பிட்டால் அது இனவெறியா?

பெல்லந்தூர் பாண்டி:

பெங்களூரில் பன்னிரண்டு வருஷமாக ஐ.டி. வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. போன வாரம் நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள்.

என் டீமில் கல்லூரி நண்பன் ஒருவன் இருக்கிறான், ராமநாதபுரம் பக்கம். ஹாஸ்டல் முதல் வருஷத்திலிருந்து அவனைக் 'கருவாயன்' என்றுதான் கூப்பிடுவோம். நானும் ஒன்றும் சிவப்பில்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் பல் மட்டும் தெரிகிற படங்கள் நிறைய உண்டு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் அமெரிக்க அலுவலகத்து அட்லாண்டாக்காரர்களோடு கால். மியூட் போட்டிருக்கிறேன் என்ற நினைப்பில், 'டேய் கருவாயா, பில்டு புட்டுக்கிச்சு பாரு' என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு கருப்பினப் பெண்மணி, நல்ல மனுஷி. 'கேட்க அழகாக இருக்கிறதே, என்ன அர்த்தம்?' என்றார். என் வாய் சும்மா இருந்ததா? இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அதன் பிறகு யாரும் பேசவில்லை. மறுநாள் எச்.ஆரிடமிருந்து மெயில்: இரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு, கடைசியில் பரீட்சை. எழுதினேன், பாஸ்.

எனக்கு வந்த கோபம் இதுதான். அவர்கள் ஊர் அடிமைக் கதை வேறு, எங்கள் ஹாஸ்டல் கதை வேறு. அவர்கள் அளவுகோலை எங்கள் மேல் எதற்கு வைக்கிறார்கள்? வெள்ளைக்கார நாடுகளுக்குள்ளேயே இதில் ஒத்துப்போவதில்லை. நான் எட்டு மாதம் அட்லாண்டாவில் இருந்தபோது எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'உங்கள் இனம் என்ன' என்று ஒரு கட்டம். 1790-ல் எடுத்த முதல் கணக்கெடுப்பிலிருந்தே அங்கே ஆட்களை அப்படிப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். எங்கள் லியோன் அலுவலகத்துக்காரர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். பிரான்ஸில் 1978 சட்டப்படி அந்தத் தகவலைச் சேகரிக்கவே கடும் கட்டுப்பாடு. அவருக்கு அந்தக் கேள்வியே இனவெறி. அட்லாண்டாக்காரருக்கோ, எண்ணாமல் விட்டால் பாரபட்சத்தை மூடி மறைக்கிறீர்கள் என்று அர்த்தம். நம்மூர் சாதிவாரிக் கணக்கெடுப்புச் சண்டை மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆளுக்கொரு நியாயம் என்றால் நான் மட்டும் ஏன் பரீட்சை எழுத வேண்டும்?

---

கால்பந்து கிறுக்கன்:

பாண்டி, உங்களுக்காவது இரண்டு மணி நேரத்தோடு போயிற்று. 2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய உருகுவேக்காரர் கவானி, வாழ்த்து சொன்ன நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் 'கிராசியாஸ் நெக்ரிட்டோ' என்று நன்றி சொன்னார். உருகுவேயில் அது 'நன்றிடா கருப்பா' மாதிரி, செல்லம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மூன்று ஆட்டம் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. உருகுவேயின் மொழி அகாதமியே கிளம்பிவந்து கண்டன அறிக்கை விட்டது.

நீங்கள் ரொம்ப சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்று. அதே வருஷம் டிசம்பர் 8, பாரிஸில் பி.எஸ்.ஜி.க்கும் இஸ்தான்புல் அணிக்கும் ஆட்டம். ருமேனிய நடுவர் ஒருவர் இஸ்தான்புல் அணியின் துணைப் பயிற்சியாளரை அடையாளம் காட்ட, 'அந்த நெக்ரு' என்றார். ருமேனிய மொழியில் கருப்புக்கு அதுதான் சொல், வசவு இல்லை. ஆனாலும் இரண்டு அணியும் மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டன. மறுநாள் வேறு நடுவர்களை வைத்து ஆடி முடித்தார்கள். அங்கே இஸ்தான்புல் அணி ஆட்டக்காரர் டெம்பா பா நடுவரிடம் கேட்டது: ஒரு வெள்ளைக்காரரைக் காட்டும்போது 'அந்த வெள்ளையன்' என்றா சொல்வீர்கள், 'அந்த ஆள்' என்றுதானே சொல்வீர்கள்?

கவானி கதையில் நான் உருகுவே பக்கம். பாரிஸ் கதையில் டெம்பா பா பக்கம். உங்கள் கதையில் இன்னும் முடிவு செய்யவில்லை.

---

சிங்கசந்திரா சிவா:

பேசாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் சார். இரண்டு மணி நேரம் மிச்சம்.

---

அல்சூர் அக்கா:

தம்பி, 1994-ல் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, 'பொண்ணு கருப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்றார்கள். பாராட்டுத்தான். அந்த 'இருந்தாலும்' இன்னும் என் காதில் இருக்கிறது. இதை எந்த நாட்டுக்காரரிடம் சொன்னாலும் இனவெறிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் நாங்களும் ஒரே இனம், ஒரே சாதி, ஒரே தெரு.

மற்ற நாட்டுக்காரர்கள் நம்மைச் சொல்லக் கூடாது என்ற கோபம் எனக்கும் இருந்தது. 2009-ல் மெல்பர்னில் நம் மாணவர்கள் அடிபட்டபோது என் அக்கா மகன் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி ரயிலில் லேப்டாப் பையை மடியில் கட்டிக்கொண்டு வருவான். அந்த ஊர் போலீஸ், இது இனவெறி இல்லை, தனியாக வருபவர்களிடம் வழிப்பறி என்றது. அமிதாப் பச்சன் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் தந்த கௌரவ டாக்டர் பட்டத்தையே வேண்டாம் என்றார். நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, 'இனவெறி என்று ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்' என்று கத்தினேன்.

ஏழு வருஷம் கழித்து இங்கே, நம்ம பெங்களூரில், ஹெசரகட்டா பக்கம் ஒரு சூடான் மாணவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து அதே வழியாக வேறு காரில் வந்த தான்சானியா மாணவியைப் பிடித்து அடித்து, காரையும் கொளுத்தினார்கள். அந்த விபத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போதைய கர்நாடக உள்துறை அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? இது இனவெறித் தாக்குதல் இல்லை, விபத்தால் வந்த கோபம் என்றார். சூடான் எங்கே, தான்சானியா எங்கே! தோலைத் தவிர வேறு எதை வைத்து அவர்களை ஒன்று சேர்த்தார்கள்? மெல்பர்ன் போலீஸ் பேசியதும் இதே பேச்சுத்தான், மொழிதான் கன்னடம்.

அன்றைக்கு நான் டி.வி. முன்னால் கத்தவில்லை. ஊர்ப் பெயர் கெட்டுவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அது சரி, உங்கள் நண்பன் என்ன சொன்னார்? அட்லாண்டா, லியோன் எல்லாம் சுற்றிவிட்டீர்கள், அவர் பேச்சையே காணோம்.

---

மயூர் விஹார் வாசி:

டெல்லியிலிருந்து ஒரு குறிப்பு. 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தபோது ஆப்பிரிக்கத் தூதர்கள் சேர்ந்து இதை இனவெறி என்றார்கள். அதற்கு ஒரு முன்னாள் எம்.பி., தருண் விஜய், தொலைக்காட்சியில் பதில் சொன்னார்: நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரா மக்களோடு எப்படி வாழ்வோம், எங்களைச் சுற்றிலும் கருப்பர்கள் இருக்கிறார்களே! இத்தனைக்கும் அவர் திருக்குறளைத் தூக்கிப்பிடித்தவர், வள்ளுவர் சிலையை ஹரித்வாருக்குக் கொண்டுபோனவர். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் அப்பார்ட்மென்ட் தமிழர்கள் ஒரு வாரம் கொதித்தோம். அதே ஒரு வாரத்தில் அந்த நைஜீரிய மாணவர்களைப் பற்றி எங்களில் யாரும் பேசவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை நடத்தும் விதத்தை 1946-லேயே ஐ.நா.வுக்குக் கொண்டுபோன நாடு நாம். அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று தென்னாப்பிரிக்கா தட்டிக்கழிக்கப் பார்த்தது. 2001-ல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறி எதிர்ப்பு மாநாடு. தலித் அமைப்புகள் சாதியையும் பேச வேண்டும் என்றன. சாதி இனம் ஆகாது, அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று சொன்னது நம் அரசு.

---

பெல்லந்தூர் பாண்டி:

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. பதினாறு வருஷத்தில் அவனிடம் இதைக் கேட்டதே இல்லை.

நேற்று சாயங்காலம் பார்க்கிங்கில் வைத்துக் கேட்டேன். சிரித்தான். 'நீ கூப்பிடுறது எனக்குக் காதுலயே விழாதுடா' என்றான். சரி, தப்பித்தோம் என்று வண்டியை எடுக்கப் போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவன் இன்னொன்று சொன்னான். ஆறு மாதம் முன்னால் லக்னோவிலிருந்து ஒரு பையன் எங்கள் டீமில் சேர்ந்தான். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் இவன் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. மரியாதையாக 'கர்வாயா பாய்' என்கிறானாம். கேன்டீனிலும் அப்படித்தான், லிஃப்டிலும் அப்படித்தான். போன மாதம் ஒரு மெயிலில் 'கர்வாயா ஜி' என்று எழுதியே அனுப்பியிருக்கிறான்.

ஏன்டா நிறுத்தச் சொல்லவில்லை என்றேன். 'சொன்னா அர்த்தம் கேப்பான்ல' என்றான்.

திங்கட்கிழமை அந்தப் பையனிடம் நான்தான் பேச வேண்டும். எப்படி மொழிபெயர்ப்பது என்றுதான் தெரியவில்லை.