12 துண்டாக உடைந்த ஜிப், பெயரில் வரிசை இல்லை: எப்படி ஒட்டுவது?

பைட்டுப்பூச்சி:
சிடிஎஃப் (கணினிப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டி) பயிற்சிப் புதிர் ஒன்று. 12 கோப்புகள், தாறுமாறான பெயர்கள். 11 கோப்புகள் தலா 4096 பைட், ஒன்று மட்டும் 1310. கோப்பின் வகையைச் சொல்லும் 'ஃபைல்' கட்டளை ஒன்றைத்தான் ஜிப் என்கிறது, மற்றதெல்லாம் 'டேட்டா'. பெயர் வரிசைப்படி 'கேட்' போட்டு ஒட்டினால் அன்ஜிப் பிழை மேல் பிழை காட்டுகிறது. 12 துண்டுக்கு 47 கோடிக்கு மேல் வரிசைகள், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கவும் முடியாது. வேறு வழி உண்டா?

ஹெக்ஸ்வாசி:
ஜிப் என்று வந்தது முதல் துண்டு, 1310 பைட் உள்ளது கடைசி. அந்தக் கடைசித் துண்டை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் செயலி) திறந்து, 'பிகே' எழுத்துகளை ஒட்டி 05 06 வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து (0இலிருந்து எண்ணி) 12ஆம் பைட்டில் மையப் பட்டியலின் (ஜிப்பில் உள்ள கோப்புகளின் பட்டியல்) அளவு, 16இல் அது தொடங்கும் இடம். இரண்டும் 4 பைட், லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்). இரண்டையும் கூட்டி, இந்த முடிவுப் பதிவின் நீளமான 22 சேர்த்தால் துண்டுகளின் மொத்த அளவான 46366 வரவேண்டும் (கமெண்ட் இருந்தால் அதன் நீளமும் சேரும்). வராவிட்டால் ஏதோ ஒரு துண்டு குறைகிறது, அல்லது போலி கலந்திருக்கிறது. வரிசை தேடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மையப் பட்டியல். ஒவ்வொரு பதிவும் 'பிகே' 01 02 என்று தொடங்கும். 42ஆம் பைட்டில் அந்தக் கோப்பின் தலைப்பு (தரவுக்கு முன் வரும் விவரப் பகுதி) முழு ஜிப்பில் எங்கே இருக்கிறது என்ற எண் கிடைக்கும். அதே கோப்புப் பெயருடன் 'பிகே' 03 04 எந்தத் துண்டில் இருக்கிறதென்று தேடுங்கள். பட்டியல் 14688 என்கிறது, துண்டுக்குள் அது 2400இல் இருக்கிறது என்றால் 14688 − 2400 = 12288, அதாவது 3 × 4096. முன்னால் மூன்று துண்டுகள், இது நான்காவது. மீதியில்லாமல் வகுபடவில்லையென்றால் தவறான தலைப்பைப் பிடித்திருக்கிறீர்கள்.

பைட்டுப்பூச்சி:
அருமை, கூட்டல் சரியாக வந்தது. 8 துண்டுகள் இடம் பிடித்துவிட்டன. மீதி நான்கில் தலைப்பே இல்லை.

நள்ளிரவு_ஷெல்:
பெரிய கோப்பொன்றின் நடுப்பகுதியாக இருக்கும். நான்குக்கு 24 வரிசைதான், சின்ன பைத்தான் நிரல் போதும்: ஒவ்வொன்றையும் ஒட்டி, ஜிப்பைச் சோதிக்கும் 'டெஸ்ட்ஜிப்' கொடுங்கள், சிஆர்சி (தரவு பிழையின்றி இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்துவதே விடை. எட்டு, பத்து மிஞ்சினால் டிஃப்ளேட்டை (ஜிப்பின் வழக்கமான சுருக்க முறை) துண்டு துண்டாக விரித்துப் பாருங்கள். தவறான துண்டு பெரும்பாலும் சீக்கிரமே பிழை தரும், அந்தக் கிளையை வெட்டிவிடலாம். சுருக்காமல் வைத்த கோப்பிலோ கடவுச்சொல் போட்ட கோப்பிலோ இந்த வித்தை எடுபடாது. இன்னொன்று: தலைப்பின் தொடக்க நான்கு பைட் இரு துண்டுகளுக்கு நடுவே பிளந்து கிடந்தால் தேடலில் சிக்காது.

ஹெக்ஸ்வாசி:
விண்டோஸில் ஒட்டினால் 'காப்பி'யோடு '/பி' கட்டாயம். இல்லாவிட்டால் உரைக்கோப்பு என்று நினைத்து, 26 மதிப்புள்ள பைட் வந்ததும் அந்தத் துண்டை அங்கேயே நிறுத்திவிடும். முதல் துண்டே 'பிகே' 07 08 என்று தொடங்கினால் அது ஜிப் நிரலே பிரித்தது. அதற்கு 'கேட்' வேண்டாம், 'ஜிப் -எஸ் 0' போட்டு ஒன்றாக்குங்கள். நடுவில் வரும் 07 08 வேறு, அது வெறும் தரவு விவரிப்பு, கண்டுகொள்ள வேண்டாம்.