பயன்பாட்டு மொழியியல் முதுகலை: தொடரியல் படிக்காமல் நேராகச் சேரலாமா?

தேடல்:
எல்லோருக்கும் வணக்கம். இலக்கியத்தில் இளங்கலை முடித்திருக்கிறேன். அடுத்து பயன்பாட்டு மொழியியலில் முதுகலை சேர ஆசை. இரண்டாவது மொழி ஒருவருக்குள் எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுக்கிறது. ஆனால் எனக்குப் பாடம் எடுத்த ஒருவர், "முதலில் பொது மொழியியலில் முதுகலை முடி. தொடரியலும் (வாக்கிய அமைப்பு) ஒலியனியலும் (ஒரு மொழியின் ஒலி அமைப்பு) தெரியாமல் போனால் ஆசிரியர் பயிற்சியை வேறு பெயரில் படித்த மாதிரிதான்" என்கிறார். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வினைமுற்று:
உங்கள் ஆசிரியர் சொல்வதுதான் சரி. ஒரு உதாரணம் பாருங்கள். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர் "எனக்குப் பசிக்கிறேன்" என்று எழுதுகிறார். சிவப்பு மையால் "பசிக்கிறது" என்று மாற்றிவிட்டு அடுத்த தாளுக்குப் போக யாராலும் முடியும். மொழியியல் படித்தவர் அந்த இரண்டு சொல்லிலேயே கற்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிடுவார். பசித்தல், தெரிதல், பிடித்தல் போன்ற வினைகளில் உணர்பவர் நான்காம் வேற்றுமையில் வருவார். வினை அவரோடு இயையாது, அதாவது "நான்" என்பதற்கு ஏற்ப "-ஏன்" என்று முடியாது. இந்த மாணவர் வேற்றுமையைப் பிடித்துவிட்டார், இயைபை இன்னும் பிடிக்கவில்லை. "நான் பசிக்கிறேன்" என்று எழுதுபவரைவிட ஒரு படி மேலே வந்துவிட்டார். இது தெரியாமல் பிழை ஆய்வில் ஆய்வேடு எழுதினால் வெறும் பட்டியல்தான் மிஞ்சும்.

கரும்பலகை:
வினைமுற்று ஐயா, நல்ல உதாரணம். ஆனால் "ஒரு படி மேலே" என்றீர்களே, அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? பிழையைக் கெட்ட பழக்கமாக மட்டும் பார்த்த காலத்தில், பிட் கார்டர் 1967இல் கற்பவரின் பிழைகள் அவருக்குள் உருவாகிவரும் மொழி அமைப்புக்குச் சான்று என்று எழுதினார். 1972இல் லாரி செலிங்கர் அந்த அமைப்புக்கு இடைமொழி என்று பெயர் வைத்தார். இரண்டு பேருமே பயன்பாட்டு மொழியியல்காரர்கள்.

இன்னொன்று. ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். ஒரு மாணவர் "எனக்குப் பசிக்கிறேன்" என்பதைச் சில வாரத்தில் விட்டுவிடுகிறார். இன்னொருவர் சரளமாகப் பேசுகிறார், ஆனால் பல வருடம் ஆகியும் அந்தப் பிழை போகவில்லை. ஏன்? நான்காம் வேற்றுமை அறிவு இதற்குப் பதில் சொல்லாது. மொழி கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் வெஸ் என்ற புனைபெயரில் ஒருவரைப் பற்றி எழுதினார். ஜப்பானிலிருந்து ஹவாய்க்கு வந்த ஓவியர். ஆங்கிலத்தில் எல்லோரோடும் பழகினார், தொழில் பேசினார், நினைத்ததைச் சொல்லி முடித்தார். இலக்கணம் மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தேடல் கேட்கிற கேள்வி இதுதான்.

வினைமுற்று:
வெஸ்ஸின் இலக்கணம் நின்றுவிட்டது என்று ஷ்மிட்டுக்கு எப்படித் தெரிந்தது, அம்மா? ஒவ்வொரு உருபாக (ஆங்கிலத்தில் -s, -ed போன்றவை) எடுத்து, அது வரவேண்டிய இடத்தில் வந்ததா என்று பார்த்ததால்தான். கார்டரும், குழந்தை முதல் மொழியைப் பெறுவது பற்றி அன்றைய மொழியியல் என்ன சொன்னதோ அதன் மேல் நின்றுதான் எழுதினார். அடித்தளம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

குறுக்குவிசாரணை:
இரண்டு பேரும் வகுப்பறையை விட்டு வெளியே வரவே இல்லை. மொழி மையமாக இருக்கும் நிஜ உலகச் சிக்கல்களை ஆராய்வது என்று கிறிஸ்டோபர் பிரம்ஃபிட் 1995இல் இந்தத் துறைக்கு எல்லை வகுத்தார். நீதிமன்றம், மருத்துவமனை, மொழிக் கொள்கை, தேர்வு வடிவமைப்பு எல்லாமே அதில் வரும்.

எனக்கு இந்தத் துறையில் மதிப்பு வந்தது டெரெக் பென்ட்லி வழக்கைப் படித்த பிறகு. ஒரு காவலர் கொலையில் 1953இல் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட பத்தொன்பது வயதுப் பையன். அவனே தன் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது, இடையில் கேள்வியே கேட்கவில்லை என்று போலீஸ் ஒரு வாக்குமூலத்தைக் காட்டியது. பல வருடம் கழித்து மால்கம் கூல்ட்ஹார்ட் என்ற மொழியியலாளர் அதை எடுத்துப் பார்த்தார். சாதாரண ஆள் "பிறகு நான்" (then I) என்று சொல்லும் இடங்களில் "நான் பிறகு" (I then) என்று திரும்பத் திரும்ப வந்திருந்தது. பொதுப் பேச்சுத் தரவகத்தோடும் (மக்கள் பேசியதைத் திரட்டி வைத்த தொகுப்பு), சாட்சிகளின் வாக்குமூலங்களோடும், போலீஸ்காரர்கள் எழுதியவற்றோடும் ஒப்பிட்டார். அது போலீஸ் நடை. 1998இல் தீர்ப்பு ரத்தானது.

வினைமுற்று:
ரத்தானதற்கு முதன்மைக் காரணம், விசாரணை நீதிபதி ஜூரிக்குச் சொன்ன வழிகாட்டல் நியாயமாக இல்லை என்பது. அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி, சொல் வரிசைதானே அங்கே கண்டுபிடிப்பு? அது தொடரியல்.

கரும்பலகை:
"நான் பிறகு" என்பதும் ஆங்கில இலக்கணத்துக்கு உட்பட்டதுதான். அதில் எந்தத் தவறும் இல்லை. யார் எங்கே அப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்ததால்தான் அது சான்றாயிற்று. மொழியியலைக் கொண்டுபோய் எங்காவது பொருத்துவது வேறு, பயன்பாட்டு மொழியியல் வேறு என்று இந்தத் துறை அறிஞர் விடோசன் பிரித்துச் சொன்னது இதைத்தான். சிக்கல் முதலில் நிற்கும். அதற்கு எது தேவையோ அது பின்னால் வரும், தொடரியல் உட்பட.

ஒலிப்பதிவு:
முதுகலை ஆய்வேடு நெறிப்படுத்துகிறவள் நான். தேடல் தம்பி, மாணவர்கள் தடுக்கி விழுகிற இடத்தை இங்கே இன்னும் யாரும் தொடவே இல்லை: தரவு.

வகுப்பறை உரையாடலைப் பத்து நிமிடம் பதிவு செய்தால், எழுத்தில் கொண்டுவர மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மாணவி "எனக்குப் பசிக்கி" என்று இழுக்கிறாள். 0.8 நொடி மௌனம். ஆசிரியர் புருவத்தை உயர்த்துகிறார். "பசிக்குது" என்று முடிக்கிறாள். வெறும் வார்த்தையை மட்டும் எழுதி வைத்தால் "சரியாகச் சொன்னாள்" என்றுதான் பதிவாகும். அந்த மௌனத்தையும் இழுப்பையும் குறித்தால்தான் இங்கே ஒரு திருத்தம் நடந்தது என்று தெரியும். உரையாடலை ஆராய்ந்த கெயில் ஜெஃபர்சன், மௌனம், இழுப்பு போன்றவற்றைக் குறிக்க வகுத்த குறியீடுகளை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துவது இதற்குத்தான். இதோடு புள்ளியியல், பதிவு செய்யப்படுகிறவரின் ஒப்புதல், ஆய்வு நெறிக்குழு அனுமதி. இதெல்லாம் கடைசிப் பருவத்தில் அவசரமாகக் கற்கிற விஷயம் இல்லை.

ஆகவே பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலக்கண விவரணையும் ஒலியியலும் (பேச்சொலிகள் பற்றிய படிப்பு) கட்டாயப் பாடமாக இருக்கிறதா? ஆய்வு முறையியல் முதல் பருவத்திலேயே வருகிறதா? ஆய்வேடு உண்டா, அல்லது அதற்குப் பதில் இன்னொரு பாடத்தை எடுத்துத் தப்பிக்கலாமா? முன்பு வந்த ஆய்வேடுகளில் சொந்தமாகத் திரட்டிய தரவு இருக்கிறதா? இந்த நான்கும் சரியாக இருந்தால் தைரியமாக நேரே சேருங்கள்.

வினைமுற்று:
கட்டாயப் பாடமாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே பருவத்துத் தொடரியல் போதும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரும்பலகை:
ஆய்வேட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஐயா. வெஸ் மாதிரி ஒருவரைப் பின்தொடரப் போகிறவருக்கு உருபனியல் (உருபுகள் சேர்ந்து சொல் அமைவது பற்றிய படிப்பு) நிறைய வேண்டும். தேர்வு வடிவமைப்புக்குப் போகிறவருக்குப் புள்ளியியல் அதைவிட அதிகம் வேண்டும்.

தேடல்:
அனைவருக்கும் நன்றி. நான் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பாடத்திட்டங்களில் ஒன்றில் ஆய்வேடு விருப்பப் பாடம், ஒலியியல் இல்லவே இல்லை. அதை விட்டுவிடுகிறேன். இன்னொன்றில் இரண்டும் கட்டாயம், ஆனால் ஆய்வு முறையியல் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது. ஒலிப்பதிவு அக்கா, சேர்வதற்கு முன்பே எழுத்தாக்கம் (பேச்சுப் பதிவை எழுத்தில் கொண்டுவருவது) பழக நினைக்கிறேன். வீட்டில் பேசுவதை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து தொடங்கலாமா, அல்லது தெரியாதவர்கள் பேச்சிலிருந்து தொடங்குவது நல்லதா?