லக்சம்பர்க்: ஒரு மத்தியானம் போதாது, இரண்டு இரவாவது தங்குங்கள்

லக்சம்பர்க் போகிறவர்களில் பலர் பாரிசுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவில் ஒரு மத்தியானத்தை ஒதுக்கி, தலைநகரத்துக் கோட்டைச் சுவரருகே போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் அடிக்கடி அங்கே போய்வருவேன். அந்த நாட்டின் அழகெல்லாம் தலைநகரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கெல்லாம் போய்வர வண்டிக் கூலி ஒரு காசு ஆகாது.

2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்ற பேதம் இல்லை. அட்டை, பதிவு எதுவும் வேண்டாம், ஏறி உட்கார வேண்டியதுதான். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். 2025 மார்ச் முதல் டிராம் விமான நிலையம் வரை வருவதால், இறங்கியதும் டாக்ஸி தேடவும் தேவையில்லை.

எல்லை தாண்டும்போதுதான் கவனம். ட்ரியரிலிருந்து வருகிறவர்கள் எல்லையிலுள்ள வாசர்பில்லிக் வரைக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்; திரும்பும்போதும் அப்படியே. ஒருமுறை ட்ரியருக்குத் திரும்பும் ரயிலில் என் எதிரே ஓர் இளம் ஜோடி சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது. வாசர்பில்லிக் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். "இலவசம்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அந்த நாட்டுக்குள் இலவசம், இப்போது இருப்பது ஜெர்மனியில்" என்றார் அவர். ஆளுக்கு 60 யூரோ அபராதம். பயணக் கடைசியில் அந்தப் பணம் போனது பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பஸ்சுக்குக் கை காட்டுவது இன்னொரு விஷயம். டீகிர்ஷ் என்ற ஊரின் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பஸ் தூரத்தில் வரும்போதே பக்கத்திலிருந்த பெரியவர் கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, சாலையோரம் வரை நடந்து போய்க் கையை நன்றாக நீட்டினார். எனக்கும் ஜெர்மனில் சொன்னார்: "நிறுத்தத்தில் ஆள் நின்றால் மட்டும் போதாது தம்பி, நாம் கூப்பிட வேண்டும்." ஒரே நிறுத்தத்தில் பல தடங்கள் வந்துபோவதால், யாருக்கு எந்த பஸ் வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கிராமப்புற பஸ்கள் குறைவு, அதனால் கடைசி பஸ் நேரத்தை மொபிலிடேட் செயலியில் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பஸ் என்னைக் கொண்டுவிட்டது வியான்டனில். ஆற்றங்கரையில் சின்ன ஊர், மேலே குன்றின்மேல் பெரிய கோட்டை. கூரை இல்லாத இடிபாடாகக் கிடந்த கோட்டை இது. 1977-இல் அரச குடும்பத்திடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகுதான் முழுசாகப் புதுப்பித்தார்கள். மேலே போக நாட்டிலேயே ஒரே ஒரு நாற்காலி ரோப்கார் இங்கே உண்டு. அதற்குக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் ஓடாது. பாலத்தருகே பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1871-இல் தங்கியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ரோப்காரில் ஏறிப்போய், இறங்கும்போது காட்டுப்பாதையில் நடந்து கோட்டைக்கு வந்தால் கால் அதிகம் வலிக்காது.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்று யாராவது கேட்டால், நான் எக்டர்னாக் என்றுதான் சொல்வேன். தலைநகரத்திலிருந்து நேர் பஸ். இங்கிருந்து பாறையும் காடுமான முல்லர்டால் பகுதி தொடங்குகிறது. மூன்று பெரிய சுற்றுகளாக மொத்தம் 112 கிலோமீட்டர் நடைபாதை. அவ்வளவும் நடக்க வேண்டாம். எக்டர்னாக்கிலிருந்து பெர்டார்ஃப் கிராமம் வரை நடந்தாலே போதும், அங்கிருந்து பஸ்சில் திரும்பிவிடலாம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு வரும். இரண்டு பக்கமும் மணற்பாறை செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவில் படிகள் ஏறுகின்றன. வெளியே நல்ல வெயிலாக இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் உடம்பு சில்லிடும். பாறையெல்லாம் பச்சைப் பாசி, படிகளில் எப்போதும் ஒரு ஈரம். கையை வைத்தால் மணல் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

அங்கே எதிரே இறங்கி வந்த வயதான தம்பதி எங்களுக்காக ஓரமாக நின்றார்கள். எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் போனால் பெரகோப் என்ற தனிப் பாறை வரும், அதன் பிளவுக்குள்ளேயே உச்சிக்குப் படிகள் இருக்கின்றன, அவசியம் ஏறுங்கள் என்றார். அவர் கணவர் குறுக்கிட்டு, "மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள், இன்று பரவாயில்லை" என்றார். அந்தப் பிளவில் ஒருவர் இறங்கி முடித்த பிறகுதான் அடுத்தவர் ஏற முடியும். நல்ல பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

தங்குவது மட்டும் செலவுதான், ஓட்டல் வாடகை கையைக் கடிக்கும். எக்டர்னாக் ஏரிக்கரை, தலைநகரம் இரண்டிலும் யூத் ஹாஸ்டல் இருக்கிறது. சுத்தமானவை, குடும்பத்தோடும் தங்கலாம், கோடையில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, நாட்டில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வெளிநாட்டவர். அதில் போர்ச்சுகீசியர்கள்தான் அதிகம். கடைகளில் பிரெஞ்சு, வடக்கே கிராமங்களில் ஜெர்மன் நன்றாக ஓடும், தலைநகரத்தில் ஆங்கிலம் போதும். எங்கே நுழைந்தாலும் முதலில் "மொயன்" என்று வணக்கம் சொல்லுங்கள். எட்டல்புரூக் ரயில் நிலையம் பக்கத்து ரொட்டிக்கடையில் அப்படிச் சொன்னதும், கடைக்காரம்மா எந்த ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். சைவக்காரர்களுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் க்னிடலன் என்கிற மாவு உருண்டையைப் பட்டியலில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால், மேலே பன்றி இறைச்சித் துண்டுகள் தூவி வரும். திருவிழாக் கடைகளில் சுடச்சுடத் தருகிற உருளைக்கிழங்கு அடை நன்றாக இருக்கும். அதில் முட்டை உண்டு.

அப்புறம், நம் ஊர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் கிராமத்துக்கும் போய் வரலாம். 1985 ஜூன் 14 அன்று மோசல் ஆற்றில் ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தம் போட்டது அங்கேதான். திராட்சைத் தோட்டம் சூழ்ந்த சின்ன ஊர், பாலத்தைக் கடந்தால் ஜெர்மனி, கொஞ்ச தூரத்தில் பிரான்ஸ். ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை கொண்டுவந்தது. திரும்பி வரும்போது பஸ்சில் போலீஸ் ஏறி ஒவ்வொருவரிடமும் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். விசாவிலும் கவனம் வேண்டும்: பல நாடுகள் சுற்றுவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். லக்சம்பர்க்கில் இரண்டு நாள், பிரான்சில் ஏழு நாள் என்றால் பிரான்சிடம் கேளுங்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எக்டர்னாக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளைக் கைக்குட்டையின் முனைகளைப் பிடித்து வரிசையாக, ஒரே மெட்டுக்குக் குதித்துக் குதித்து, புனித வில்லிப்ரார்ட் கல்லறை இருக்கும் தேவாலயத்துக்குப் போகிறார்கள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர்வலம். அன்று ஊருக்குள் அறை கிடைப்பது கடினம், ட்ரியரில் தங்கிக்கொண்டு காலையில் முதல் பஸ்சைப் பிடியுங்கள்.