புதுப்பிப்பு: ஸ்பேசர் வழியே இன்ஹேலர் கொடுத்தும் மகளின் இரவு இருமல் நிற்காதது குறித்து

ஏழு வயது மகளுக்குத் தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலருடன் பொருத்தி மருந்தை மூச்சிழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல்) வழியே இரண்டு மாதங்கள் கொடுத்தும் இரவு இருமல் நிற்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்களாக அவள் இரவில் இருமி எழுவதில்லை.

மருந்தை மாற்றும் முன், கொடுக்கும் முறையை மருத்துவரிடம் செய்து காட்டச் சொன்ன யோசனையே பலன் தந்தது. இரண்டு பஃப்களையும் (ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து ஒரு பஃப்) சேர்த்து ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு, அதன் பிறகே அவளை மூச்சிழுக்கச் சொல்லி வந்திருக்கிறேன். குலுக்கி ஒரு பஃப் மட்டும் அடித்து, முகமூடி இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விடச் செய்து, மீண்டும் குலுக்கிய பின்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும் என்று அவர் திருத்தினார். கழுவிய ஸ்பேசரைத் துணியால் துடைத்ததும் தவறாம். பிளாஸ்டிக்கில் உண்டாகும் நிலைமின்னேற்றத்தால் மருந்து உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. இப்போது சோப்பு நீரில் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலர்த்துகிறோம்.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில், இருமல் இல்லாத நாள்களில் என் மாமியார் அதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார். அது அன்பினால் வந்த அச்சம் என்பதால், அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மூச்சுக்குழாயின் அழற்சியைத் தடுப்பு மருந்து மெல்லத்தான் குறைக்கும், அதனால் நலமாக இருக்கும் நாள்களிலும் தேவை, இது அடிமைப்படுத்தாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இப்போது மருந்துக்குப் பின் பேத்தியை வாய் கொப்பளிக்க வைப்பதே அவர்தான்.