கடலோர வீட்டு மாடி அறைக்கு எந்தப் புரொஜெக்டர், எந்தத் திரை?

கேள்வி: கடலோரத்தான், தேவனாம்பட்டினம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் மாடியில், 16 அடி நீளமும் 11 அடி அகலமும் ஒன்பதரை அடி உயரமும் உள்ள ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். நீளச் சுவரில் கிழக்கு பார்த்த பெரிய சன்னல் ஒன்று இருக்கிறது. சுவர்களும் கூரையும் வெள்ளை. அறையின் நடுவில் மின்விசிறி. 11 அடிச் சுவரில் திரையை வைத்தால், சோபா அதிலிருந்து ஏறத்தாழ 12 அடி தள்ளி வரும். இரவில் நாங்கள் படம் பார்ப்போம். பகலில் பெற்றோர் பார்க்க விரும்புகிறார்கள். புரொஜெக்டருக்கும் திரைக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். விசாரித்த கடைகளில் ஒருவர் 4கே (மிக நுண்ணிய படத்தரம்) இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறார். ஒருவர் 120 அங்குலத் திரை என்கிறார். மற்றொருவர் திரையே வேண்டாம், வெள்ளைச் சுவர் போதும் என்கிறார். எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

பதில்: ஒளிக்கற்றை, லாஸ்பேட்டை, புதுச்சேரி

வணக்கம் நண்பரே. முதலில் அறையின் இருட்டு, அடுத்து திரையின் அளவு, கடைசியாகத்தான் புரொஜெக்டர். கடைகளில் இந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தைத் திரையில் வீச முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பு. ஆகவே கருவியை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது திரை எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பான காட்சியை அந்த அறையில் நீங்கள் காணவே முடியாது. சன்னலை முழுவதும் மறைத்தாலும், திரையில் பட்ட ஒளி உங்கள் வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பவும் திரையிலேயே விழுந்து, இரவுக் காட்சிகளைச் சாம்பலாக்கிவிடும். திரையை ஒட்டிய ஐந்தாறு அடிக்காவது கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் பளபளப்பில்லாத அடர் வண்ணம் பூசுங்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் தராத மாற்றத்தை இந்தப் பெயிண்ட் செலவு தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

திரைக்கு 16:9 (அகலம்:உயரம்) விகிதத்தில், மூலைக்கு மூலை 100 அங்குலம் என்பதே உங்கள் அறைக்குப் பொருத்தம். அதன் அகலம் 87 அங்குலம், அதாவது ஏழேகால் அடி. பார்வைக் கோணம், அதாவது திரையின் அகலம் கண்ணில் விரியும் கோணம், 30 முதல் 40 பாகை வரை இருப்பது நல்லது என்பது திரையரங்குத் துறையில் வழங்கும் கணக்கு. 100 அங்குலத் திரைக்கு இது 10 அடியிலிருந்து பதின்மூன்றரை அடி வரையிலான தொலைவு. உங்கள் 12 அடி இதற்குள் அமைகிறது. 120 அங்குலத் திரையில் 12 அடி என்பது 40 பாகையைத் தொட்டுவிடும். பார்க்க முடியாது என்பதில்லை, ஆனால் வயதானவர்களுக்குக் கண் அலைச்சல் கூடும். தவிர, 11 அடிச் சுவரில் அதன் இருபுறமும் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மிஞ்சும் என்பதால், ஒலிபெருக்கிகளை நெருக்கித் திணிக்க வேண்டியிருக்கும்.

இனி 4கே. 4கே-க்கு அடுத்த கீழ்நிலையான 1080 வரிப் படத்தை 100 அங்குலத் திரையில் 12 அடியிலிருந்து பார்க்கும்போது ஒரு புள்ளியின் அளவு கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கலை, அதாவது பாகையில் 60-இல் ஒரு பங்கு. சராசரி கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லையே அதுதான். 4கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கறுப்பின் ஆழத்தையும் நிறத்தையும் விட்டுக்கொடுத்து அதை வாங்காதீர்கள். நம் படங்களில் பெரும்பாலானவை 16:9-ஐவிட அகலமான அகலத்திரை விகிதத்தில் வருவதால், மேலும் கீழும் ஆறங்குலக் கறுப்புப் பட்டைகள் எப்போதும் இருக்கும். அவை கறுப்பாகத் தெரிகின்றனவா, சாம்பலாகத் தெரிகின்றனவா என்பதை வைத்தே ஒரு புரொஜெக்டரின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, உங்கள் திரையின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. இருட்டறையில் திரையரங்குக்கு இணையான ஒளிர்வுக்கு 500 லூமென்னுக்கு (ஒளியை அளக்கும் அலகு) உட்பட்ட ஒளியே போதும். பெட்டியில் அச்சிட்ட எண் மிகப் பிரகாசமான அமைப்புக்கானது. நிறம் சரியாக இருக்கும் அமைப்பில் அதில் பாதியளவே கிடைப்பதுண்டு, விளக்கு பழசாகும்போது இன்னும் குறையும். இரண்டையும் கணக்கில் கொண்டால், அன்சி அல்லது ஐஎஸ்ஓ முறையில் அளந்த 2,000 லூமென் உங்களுக்குப் போதுமானது. இந்த அளவை முறைகளைக் குறிப்பிடாமல் வெறுமனே பல்லாயிரம் லூமென் என்று விற்கும் சிறு கருவிகளைத் தொடவே வேண்டாம்.

நுண்ணாடிகள் நிறைந்த ஒரே சில்லால் படம் காட்டும் ஒற்றைச் சில்லு டிஎல்பி கருவிகள் கூர்மையானவை. ஆனால் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால் சிலர் கண்ணுக்கு வானவில் கீற்றுகள் தெரியும். வீட்டில் உள்ள எல்லோரையும் கடைக்கு அழைத்துச் சென்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நிறங்களுக்கும் தனித்தனிச் சில்லு உள்ள மூன்று எல்சிடி கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை.

பதில்: கம்பிவேலை, திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, நான் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் தொழிலில் இருப்பவன். மேலே சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நடுவில் இருக்கும் மின்விசிறியை இப்போதே கவனியுங்கள். புரொஜெக்டரைப் பின்சுவரில் மாட்டினால் ஒளி அந்த இறக்கைகளின் வழியே வரக்கூடும். அப்படி வந்தால் படம் முழுக்க நிழல் ஆடும். லென்சிலிருந்து திரைக்கு உள்ள தொலைவைத் திரையின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது த்ரோ விகிதம். பின்சுவரிலிருந்து 15 அடி என்றால், உங்களுக்கு இரண்டுக்குச் சற்று மேல் வரும். வீட்டு டிஎல்பி கருவிகள் பலவற்றின் விகிதம் 1.15-க்கும் 1.5-க்கும் இடையில் இருப்பதால், அவற்றைத் திரையிலிருந்து எட்டரை முதல் 11 அடிக்குள், அதாவது விசிறிக்குப் பக்கத்தில், மாட்ட வேண்டியிருக்கும். நடு விசிறியை எடுத்துவிட்டுப் பக்கச் சுவர் விசிறிகள் போடுவதே நல்லது. படம் கோணலாக விழுந்தால் கீஸ்டோன் வசதியால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், அது புள்ளிகளை வீணாக்கும். லென்சை நகர்த்தும் வசதி உள்ள கருவியைத் தேடுங்கள்.

வெள்ளைச் சுவர் கடலோரத்தில் நிலைக்காது. உப்பு ஈரத்தால் சுண்ணமும் பட்டியும் பொருக்குவிடும். படம் ஓடும்போது ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். சுருட்டி இழுக்கும் திரையில் காலப்போக்கில் துணி அலை விழும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலைத்திரையை, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் மாட்டுங்கள். குளிர்சாதனத்தை நிறுத்திய உடனே சன்னலைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த லென்சில் கடற்காற்றின் ஈரம் படியும், நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். மின்வெட்டின்போது குளிர்விக்கும் விசிறி சட்டென நின்று விளக்குக்குச் சூடு ஏறாமல் இருக்க, புரொஜெக்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் வைப்பது அவசியம்.

கடலோரத்தான்:

இருவருக்கும் மிக்க நன்றி. விசிறியைப் பற்றி ஒரு கடையிலும் யாரும் கேட்கவில்லை. பெற்றோர் பகலில் பார்ப்பதற்கு ஒளி விலக்கும் சாம்பல் திரை போட்டால் சரியாகுமா?

ஒளிக்கற்றை:

ஓரளவுக்கு ஆகும். அந்தத் திரைகள் பக்கவாட்டிலும் மேலிருந்தும் வரும் ஒளியைக் குறைக்கும். ஆனால் நேரெதிரே உட்காராதவர்களுக்குப் படம் மங்கும், சிலவற்றில் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று தெரியும். சுவரை ஒட்டி வைக்கும் குறுந்தொலைவுக் கருவிகளுக்கான திரை வேறு வகை. அது கீழிருந்து வரும் ஒளிக்கே அமைந்தது என்பதால், கூரையில் மாட்டிய புரொஜெக்டருக்கு ஒத்துவராது. உங்கள் தொகைக்குள் நல்ல சாம்பல் திரையும் நல்ல கருவியும் சேர்ந்து கிடைப்பது கடினம். அறையை இருட்டாக்க முடியும் என்பதால், ஒளி கசியாத இரட்டைத் திரைச்சீலையைச் சன்னலுக்குப் போட்டு, ஒளிமிகை 1.0 உள்ள, அதாவது விழும் ஒளியைக் கூட்டியோ குறைத்தோ காட்டாத, சாதாரண வெள்ளைத் திரையை வாங்குங்கள். பெற்றோருக்குப் பகல் முழுவதும் இருட்டில் உட்காருவது இதமாக இருக்காது. அவர்களுக்குக் கீழே இருக்கும் தொலைக்காட்சியே நல்லது.

கம்பிவேலை:

பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே கூரையில் ஒன்றரை அங்குலக் குழாய் பதித்துவிடுங்கள், படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கம்பியின் தலை முக்கால் அங்குலக் குழாயில் நுழையாது. கம்பி 10 மீட்டரைத் தாண்டுமானால் சாதாரண செம்புக் கம்பியில் 4கே படம் விட்டு விட்டு வரும். ஒளியிழை வகையை வாங்கி, அம்புக்குறி புரொஜெக்டரை நோக்கி இருக்குமாறு இழுக்கச் சொல்லுங்கள்.