பருப்புக்கீரையின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் உடலிலும் வெளிப்படுமா?

கேள்வி:
தானாக முளைத்த பருப்புக்கீரையின் சாறு, டிபிபிஹெச் (ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைச் சோதிக்கப் பயன்படும் வேதிப்பொருள்) கரைசலின் ஊதா நிறத்தைச் சில நிமிடங்களில் மஞ்சளாக்கியது. அதை உண்பவரின் உடலிலும் இதே விளைவு நிகழும் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ள இயலாது. அந்த நிறமாற்றம், சாற்றிலுள்ள சேர்மங்கள் தனி உறுப்புகளுக்கு (ஃப்ரீ ராடிக்கல்கள்: இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ அளிக்கின்றன என்பதை மட்டுமே காட்டுகிறது. குடல் அவற்றை எவ்வளவு உறிஞ்சும், கல்லீரல் எவ்வாறு மாற்றும் என்பவை வேறு கேள்விகள். எனினும், வைட்டமின் சி, ஈ ஆகியவற்றுடன் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலமும் இக்கீரையில் மிகுதி. தண்டின் செம்மைகூட பீட்டாசயனின் நிறமியால் வருவதே.

மறுமொழி 2:
ஆக்சாலிக் அமிலமும் அதில் மிகுதி என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும். வேகவைத்து நீரை வடித்தால் அது குறையும். வைட்டமின் சியும் ஓரளவு கூடவே போய்விடும்.

கேட்டவர்:
நன்றி. விடியலில் பறித்த இலை மாலையில் பறித்ததைவிடப் புளிக்கிறதே?

மறுமொழி 1:
அது மாலிக் அமிலம். வறட்சியில் இச்செடி அதை இரவில் சேமித்துப் பகலில் செலவிடுகிறது.